முதல் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

போன ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டரை மணிக்கு, சாப்பிட்டு முடித்துப் பால்கனியில் நின்றபடி தங்கையோடு பேசிக்கொண்டிருந்தேன். அவள் இருப்பது சிகாகோவுக்குத் தென்மேற்கே சுமார் 35 மைல் தள்ளி, பிளெயின்ஃபீல்ட் என்கிற புறநகரில். எனக்கு ராத்திரி எட்டரை என்றால் அவளுக்குக் காலை பத்து. பேச்சு நடுவில் போனில் ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறி.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லைண்ணா. மாசத்து முதல் செவ்வாய்க்கிழமை. சைரன் டெஸ்ட் பண்றாங்க. டொர்னாடோ வந்தா ஊதுறதுக்கு."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பேஸ்மென்ட்ல போய் உக்காரணும். அங்க கொலுப் பெட்டியெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன், நடுவுல இடம் பண்ணிக்க வேண்டியதுதான்." சிரித்தாள். கொஞ்சம் விட்டுச் சொன்னாள்: "போன்லயும் அலர்ட் வரும்ணா. நடுராத்திரியில வீல்னு கத்துது, குழந்தை எழுந்து அழறான். அதை ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்."

அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. காரணம், பிளெயின்ஃபீல்ட் என்கிற பெயரை அவள் அங்கே குடிபோவதற்கு முன்பே நான் படித்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் வானிலை படித்தவன் இல்லை, பி.காம். ஆனால் அமெரிக்க வானிலைச் சேவை 1940இலிருந்து அவர்களுடைய வணிகத் துறையின் கீழ்தான் இருக்கிறது. ஆகவே எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

அன்றைக்கு அவள் ஊருக்கு என்ன வானிலை என்று பார்த்தேன். பகலில் 92, இரவில் 74, ஹீட் இண்டெக்ஸ் 103, பிற்பகலில் இடிமழைக்கு 40 சதவிகித வாய்ப்பு. ஒரே ஒரு வரி. அந்த வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன.

முதலில் அந்த 92. ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 33 டிகிரி சொச்சம். மே மாதத்தில் 43, 44 பார்க்கிற அகமதாபாத்காரனுக்கு இது ஏதோ மலைவாசஸ்தலம் மாதிரித் தெரியும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. விஷயம் வெப்பத்தில் இல்லை, ஈரத்தில். கோடையில் மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தடுப்பார் யாருமில்லாமல் வடக்கே ஏறி வருகிறது. நடுவில் மலை கிடையாது, சமவெளிதான். போதாததற்கு இல்லினாய், அயோவா முழுக்க மக்காச்சோளம். ஒரு ஏக்கர் சோளப் பயிர் ஒரு நாளில் 3,000 முதல் 4,000 காலன் தண்ணீரைக் காற்றில் விடுகிறது. நம் கணக்கில் 11,000 லிட்டருக்குக் குறையாது, கிட்டத்தட்ட ஒரு டாங்கர் லாரி. இதைச் சோளத்தின் வியர்வை என்றே அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் பயிர் ஆளுயரம் நிற்கும்போது சமயத்தில் சென்னைக் கடற்கரையைத் தூக்கிச் சாப்பிடுகிற புழுக்கம். சிகாகோவில் ஏரிக்கரையில் இருப்பவர்களுக்காவது மிச்சிகன் ஏரிக் காற்று வரும். "ஏரிக்கு அருகில் சற்றுக் குளுமை" என்று அந்த ஊர் முன்னறிவிப்பில் ஒரு வால் ஒட்டிக்கொண்டே இருக்கும். 35 மைல் உள்ளே இருக்கும் என் தங்கைக்கு அந்த வால் கிடையாது.

இந்த முன்னறிவிப்பு என்கிற சமாச்சாரமே அந்த வட்டாரத்தில் பிறந்ததுதான். 1869இல் சின்சினாட்டி வானாய்வுக் கூடத்தில் கிளீவ்லண்ட் ஆபி என்பவர், தந்தி வழியாகப் பல ஊர்களின் வானிலையை வாங்கித் தினசரி அறிக்கை வெளியிட ஆரம்பித்தார். அதே சமயம் மில்வாக்கியில் இன்க்ரீஸ் லாஃபம் என்று ஒருவர் (ஆமாம், பெயரே இன்க்ரீஸ்தான், வட்டி விகிதம் மாதிரி) பெரிய ஏரிகளில் புயலில் சிக்கிய கப்பல்களின் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு அரசாங்கத்தை நச்சரித்துக்கொண்டிருந்தார். 1868, 1869 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் 530 உயிர்கள் போயிருந்தன. மேற்கே அடிக்கும் புயல் கிழக்கே வந்து சேர ஒரு நாளாவது ஆகும், தந்தி ஒரு நொடியில் போய்விடும், பிறகு ஏன் சாகவேண்டும் என்பதுதான் அவர் கேள்வி. 1870 பிப்ரவரி 9 அன்று ஜனாதிபதி கிராண்ட் கையெழுத்துப் போட, ராணுவத்தின் சிக்னல் பிரிவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் 1 அன்று 24 ஊர்களில் ஒரே நேரத்தில் அளவெடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 8 அன்று சிகாகோவிலிருந்து பெரிய ஏரிகளுக்கான முதல் புயல் எச்சரிக்கையை லாஃபமே வெளியிட்டார். நம் இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கியது. அதற்கு 1864இல் கல்கத்தாவில் அடித்த புயலும் அடுத்து வந்த பருவமழைப் பொய்ப்புகளும் காரணம். எங்கேயும் பிணங்களை எண்ணிய பிறகுதான் கோப்பு நகர்ந்திருக்கிறது.

கடல் புயலும் ஏரிப் புயலும் ஒரு ஜாதி. மெதுவாக வரும், பெரிதாக வரும். டொர்னாடோ வேறு ஜாதி. இடிமேகத்தின் வயிற்றிலிருந்து தும்பிக்கை மாதிரி இறங்கிச் சில நூறு மீட்டர் அகலத்தில், சில நிமிடங்களில், தெருவின் ஒரு பக்கத்தைத் துடைத்துவிட்டு மறுபக்கத்தில் கொடியில் காயும் துணியைக்கூடத் தொடாமல் போய்விடும். இதை எப்படி முன்கூட்டிச் சொல்வது?

ஜான் ஃபின்லி என்கிற ராணுவ அதிகாரி 1884இல் முயன்று பார்த்தார். நாட்டைப் பிரதேசங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இன்று டொர்னாடோவுக்குச் சாதகமான நாளா இல்லையா என்று சொன்னார். மொத்தம் 2,803 கணிப்புகள். கணக்கு இதோ. வரும் என்று சொல்லி வந்தது 28. வரும் என்று சொல்லி வராதது 72. வராது என்று சொல்லி வந்துவிட்டது 23. வராது என்று சொல்லி வராதது 2,680. கூட்டிக் கழித்துத் தன் கணிப்பு 96.6 சதவிகிதம் சரி என்றார் ஃபின்லி.

கில்பர்ட் என்கிற புவியியலாளர் அதே ஆண்டு ஒரு பதில் எழுதினார். தினமும் எழுந்ததும் "இன்றைக்கு டொர்னாடோ வராது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாலும் 98.2 சதவிகிதம் சரியாக இருக்குமே ஐயா என்றார். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இருபது வருடமாகக் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிறவன் என்கிற முறையில் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆயிரம் வீட்டுக் கடன் கொடுத்துவிட்டு "எதுவும் வாராக் கடன் ஆகாது" என்று ஒருவர் குறிப்பு எழுதிவைத்தால், அவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் அந்தப் பெரும்பாலானவற்றைப் பற்றியா கேட்கப்போகிறார்? கேள்வி எப்போதும் அந்த 51 தடவையைப் பற்றித்தான். அதில் பாதிக்கு மேல் ஃபின்லி பிடித்திருந்தார் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் மேலிடம் வேறு முடிவுக்கு வந்தது. டொர்னாடோ என்று சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், பீதியால் வரும் சேதம் காற்றால் வரும் சேதத்தைவிட அதிகமாகிவிடும் என்று நினைத்தார்கள். முன்னறிவிப்பில் அந்தச் சொல்லே வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

அந்த மௌனம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. 1925 மார்ச் 18 அன்று மிசௌரி, இல்லினாய், இண்டியானா மூன்று மாநிலங்களையும் ஒரே டொர்னாடோ கிழித்துக்கொண்டு போனது. 219 மைல் நீளத்துக்கு 695 பேர் செத்தார்கள். அன்றைய முன்னறிவிப்பில் அந்தச் சொல் இல்லை. 1948இல் ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு அதிகாரிகள், ஐந்து நாட்களுக்கு முன் அதே தளத்தை டொர்னாடோ அடித்த அன்று இருந்த நிலைமை மறுபடி வருகிறதே என்று பார்த்து எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே வந்தது. விமானப்படை சொல்லலாம், நாங்கள் சொல்லக்கூடாதா என்கிற கேள்வி எழுந்து, 1950 ஜூலையில் வானிலைத் துறைத் தலைவர் தடை எதுவும் இல்லை என்று சுற்றறிக்கை விட்டார். சுற்றறிக்கை வந்தது என்பதற்காக மறுநாளே பழக்கம் மாறிவிடாது. எந்த அலுவலகத்திலும் மாறாது. பொதுமக்களுக்கான முறையான டொர்னாடோ கணிப்பு 1952இல்தான் ஆரம்பித்தது.

அடுத்த ஆண்டு இல்லினாய்க்கு ஒரு அதிர்ஷ்டம். 1953 ஏப்ரல் 9 அன்று ஷாம்பெய்ன் நகரில், மழை அளவைக் கணிக்க வைத்திருந்த ஒரு ரேடாரில் கொக்கி மாதிரி ஒரு உருவம் தெரிந்தது. அணைக்கப்போன ரேடாரை விட்டுவைத்துத் தொடர்ந்து படம் எடுத்தார்கள். டொர்னாடோவை ரேடாரில் இப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அதே 1953இல் ஜப்பானிலிருந்து ஒரு இளம் விஞ்ஞானி சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். டெட்சுயா ஃபுஜிடா. 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியில் விழுந்த குண்டுக்கு முதலில் குறித்திருந்த இலக்கு கோக்குரா. ஃபுஜிடா வேலை பார்த்த கல்லூரி அதன் பக்கத்து ஊரில். கோக்குராவை மேகமும் புகையும் மறைத்திருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போய், மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்திருக்கின்றன, எது எரிந்திருக்கிறது என்று பார்த்து, குண்டு எந்த உயரத்தில் வெடித்திருக்கும் என்று கணக்குப் போட்டவர் அவர். அந்தக் கண்ணோடு சிகாகோவுக்கு வந்து, அமெரிக்கக் கிராமங்களின் இடிபாடுகளை விமானத்திலிருந்து படமெடுத்துப் படித்தார். டொர்னாடோவின் பலத்தை அது விட்டுச்சென்ற சேதத்திலிருந்து அளக்கும் ஃபுஜிடா அளவுகோல் 1971இல் வந்தது. எஃப்-0 முதல் எஃப்-5 வரை. எஃப்-5 என்றால் அஸ்திவாரம்தான் மிஞ்சும்.

சரி, என் தங்கை ஊருக்கு வருகிறேன்.

1990 ஆகஸ்ட் 28. அதுவும் செவ்வாய்க்கிழமைதான். பகல் வெப்பம் 90க்கு மேல், கூடவே அந்தச் சோளப் புழுக்கம். வட இல்லினாய்க்குக் கடும் இடிமழை வரலாம் என்று பொதுவான அறிவிப்பு இருந்தது. டொர்னாடோ வரலாம் என்ற அறிவிப்பு இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வடமேற்கிலிருந்து ஒரு மேகம் வந்தது. வழக்கமாக அங்கே டொர்னாடோ தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகும். இது வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இறங்கியது. அதைவிட மோசம், சுற்றிலும் மழைத் திரை. தும்பிக்கையே கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய டொர்னாடோவின் உருவத்தைக் காட்டும் ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பாக ஒரு மழை வருகிறது என்பதுதான்.

வழியில் விளைந்து நின்ற சோளக்காட்டில் பயிரை வேரோடு உரித்துத் தரையைச் சுரண்டியிருந்தது. எஃப்-5 என்ற மதிப்பீட்டுக்கு அந்தச் சோளக்காடு ஒரு முக்கிய சாட்சி. அமெரிக்காவில் ஆகஸ்ட் மாதத்தில் பதிவான ஒரே எஃப்-5 இதுதான். மூன்றரை மணி வாக்கில் பிளெயின்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளி. ஜிம்மில் வாலிபால் ஆட வந்த பெண்கள் இருந்தார்கள். அலுவலகத்தில் இருந்த ஒருவர் வெளியே பார்த்துவிட்டுத் தீ அபாய மணியை இழுத்தார். பிள்ளைகளை உள் வராண்டாவுக்குத் தள்ளிக் கதவைச் சாத்திய கையோடு ஜிம் இடிந்து விழுந்தது. அந்த வராண்டா நின்றது, பிள்ளைகள் பிழைத்தார்கள். அதே பள்ளியில் ஓர் ஆசிரியர் உட்பட மூன்று பேர் பிழைக்கவில்லை. அடுத்து தேவாலயப் பள்ளியில் மூன்று பேர். அங்கிருந்து கிரெஸ்ட் ஹில்லில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் எட்டுப் பேர். சுமார் 16 மைல் பாதையில் மொத்தம் 29 பேர் செத்தார்கள், 350 பேர் காயமடைந்தார்கள். டொர்னாடோ எச்சரிக்கை வெளிவந்தபோது டொர்னாடோ ஊரைக் கடந்து போயிருந்தது. சைரன் ஊதவில்லை. அந்தத் தீ மணியைத் தவிர வேறு எந்த மணியும் அடிக்கவில்லை.

பிறகு விசாரணை. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பழக்கப்பட்டதாக இருந்தது. அன்றைக்குச் சிகாகோ வானிலை அலுவலகத்தின் தலையில் மாநிலம் முழுவதற்குமான முன்னறிவிப்பு, விமானங்களுக்கான அறிக்கை, இடிமழை எச்சரிக்கை எல்லாம் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தது. கையில் இருந்த பழைய ரேடார் மழையைக் காட்டும், மழைக்குள் சுற்றும் காற்றைக் காட்டாது. வெளியே நின்று பார்த்துச் சொல்லவேண்டிய தன்னார்வலர்களோடு தொடர்பு சரியில்லை. கேஷையும் பார்த்து, கிளியரிங்கும் பார்த்து, லாக்கர் சாவியும் வைத்திருக்கிற ஒற்றை அதிகாரியின் கிளையில் ஒருநாள் என்ன நடக்கும் என்று வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும். நடந்த பிறகு அந்த அதிகாரிக்கு மெமோ கொடுப்பதும் தெரியும். இங்கே அமைப்பையும் மாற்றினார்கள். மாநில வேலையைப் பல அலுவலகங்களுக்குப் பிரித்தார்கள். காற்றின் வேகத்தையும் திசையையும் காட்டும் டாப்ளர் ரேடார் 1990களில் நாடு முழுக்க வந்தது. சிகாகோ வட்டாரத்துக்கான அலுவலகமும் ரேடாரும் இன்று எங்கே இருக்கின்றன தெரியுமா? ரோமியோவில் என்ற ஊரில். பிளெயின்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊர்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கருவி கெட்டிருந்தது, கருவியை மாற்றினார்கள், சுபம். ஐந்து வருடம் கழித்து அதே சிகாகோவில் எதிர்மாறாக ஒன்று நடந்தது.

1995 ஜூலை 12இலிருந்து 16 வரை. 13ஆம் தேதி வியாழக்கிழமை மிட்வே விமான நிலையத்தில் 106 டிகிரி. நம் கணக்கில் 41. காற்றில் இருந்த ஈரத்தையும் சேர்த்தால் உடம்புக்குத் தெரியும் சூடு, அதாவது ஹீட் இண்டெக்ஸ், 120ஐத் தாண்டியது. ராத்திரியும் தணியவில்லை. வானிலைத் துறை இந்தத் தடவை கோட்டை விடவில்லை. கடும் வெப்பம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தது, பேப்பரிலும் டிவியிலும் வந்தது. ஆனால் வெயிலுக்கு யார் சைரன் ஊதுவார்கள்? கூரை பறக்காது, படம் எடுக்க ஒன்றும் இருக்காது. பிரேதப் பரிசோதனை நிலையத்தில் இடமில்லாமல் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் ஊருக்கு உறைத்தது. அப்போதும் மேயர் அலுவலகம், இவ்வளவு பேரும் வெயிலிலா செத்தார்கள் என்று கணக்கைச் சந்தேகித்தது. வழக்கமாக அந்த வாரத்தில் நடக்கும் சாவுகளைக் கழித்த பிறகு வந்த எண்ணிக்கை 739.

எரிக் கிளைனன்பெர்க் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி 2002இல் ஒரு புத்தகம் எழுதினார். செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் வயதானவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். ஏசி கிடையாது, இருந்தால் கரண்ட் பில்லுக்குப் பயம். திருடனுக்குப் பயந்து ஜன்னலைத் திறக்கவில்லை. அவர் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பேட்டைகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஏழ்மை, இரண்டிலும் தனித்து வாழும் முதியவர்கள் உண்டு, வெயிலும் அதே வெயில். ஆனால் தெற்கு லான்டேலின் சாவு விகிதம் வடக்கு லான்டேலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குதான். வித்தியாசம் தெருவில் இருந்தது. தெற்கில் கடைகள், நடமாட்டம், ஜனநெருக்கம். கிழவிகள் வெளியே இறங்கப் பயப்படவில்லை. வடக்கில் கடைகள் மூடி, ஆட்கள் காலி செய்து, தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

1990இல் கணிப்பு தவறியது, 29 பேர் போனார்கள். 1995இல் கணிப்பு பலித்தது, 739 பேர் போனார்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கை என்பது சரியாகச் சொல்வது மட்டுமில்லை, அது போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தாலும், கேட்டவர் எழுந்து நடக்க ஒரு இடமும், கதவைத் தட்ட ஒரு ஆளும் இருக்கவேண்டும். 1999இல் மறுபடி கடும் வெப்பம் வந்தபோது சிகாகோ இதைக் கற்றிருந்தது. குளிர்சாதன வசதியுள்ள இடங்களைத் திறந்துவிட்டு, தனியாக இருக்கும் முதியவர்களைத் தேடிப் போனார்கள். அப்போதும் சாவுகள் நடந்தன, ஆனால் எண்ணிக்கை சுமார் 110.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வெயில் காலம்தானே என்று ஊர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மாநகராட்சிப் பதிவேடுகளை வைத்துக் கணக்கெடுத்தபோது, அந்த மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 சாவுகள் கூடுதல் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் 2013இல் இந்தியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் இங்கே வந்தது. 41இல் மஞ்சள், 43இல் ஆரஞ்சு, 45இல் சிவப்பு. சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிகளில் ஐஸ் பைகள் தயாராக இருக்கவேண்டும், தண்ணீர்ப் பந்தல்கள் திறந்திருக்கவேண்டும், பூங்காக்களைப் பகலிலும் பூட்டக்கூடாது, போனில் செய்தி போகவேண்டும். பின்னால் 2018இல் வந்த ஓர் ஆய்வு, இத்திட்டத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2016 மே 20 அன்று இங்கே 48 டிகிரி. அன்று நான் மணிநகர் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். தெருமுனைத் தமிழர் டீக்கடையில் டீ போடவில்லை. பானை வைத்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தார், காசு வாங்காமல். தெற்கு லான்டேல் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

கடைசியாக அந்த 40 சதவிகிதம். மழைக்கு இப்படிச் சதவிகிதம் சொல்லும் பழக்கத்தை அமெரிக்க வானிலைத் துறை 1960களின் நடுவில் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. வரும், வராது என்று அடித்துச் சொல்வதைவிட இது நேர்மையானது. ஆனால் டொர்னாடோ எச்சரிக்கையில் சதவிகிதம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, ஓடு என்றுதான் சொல்லமுடியும். சராசரியாகக் கிடைக்கும் அவகாசம் பத்து நிமிடத்தை ஒட்டித்தான். விடுக்கப்படும் எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு பொய்யாகப் போகிறது. ஃபின்லியின் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? வரும் என்று சொன்ன 100இல் 72 வரவில்லை. அவர் பெரும் பிரதேசத்துக்கு ஒரு நாள் முழுக்கச் சொன்னார், இவர்கள் நாலைந்து ஊருக்கு அரை மணி நேரத்துக்குச் சொல்கிறார்கள், ஆகவே இரண்டும் ஒன்றில்லை. ஆனால் நடுராத்திரியில் எழுப்பப்படுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏழு தடவை வீணாக எழுந்தவர் எட்டாவது தடவை போனை அணைத்துவிடுவார். என் தங்கை செய்தது அதுதான். அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் 2021 ஜூன் 20, ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு மேல் பக்கத்து நேப்பர்வில்லிலும் உட்ரிட்ஜிலும் ஒரு டொர்னாடோ வந்தது. ஊர் தூங்கும் நேரம். வீடுகள் சிதைந்தன, மேல்மாடிகள் காணாமல் போயின. சுழல் வரும் முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து பேஸ்மென்டுக்கு இறங்கினார்கள். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஜன்னலை மூடி, ஏசி போட்டுப் படுத்திருப்பவருக்குக் கேட்கும் என்று நம்ப முடியாது. எழுப்பக்கூடியது தலைமாட்டில் இருக்கும் போன்தான். 2024 ஜூலை 15 அன்று ஒரே இரவில் சிகாகோ வட்டாரத்தில் 32 டொர்னாடோக்கள்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். 1990இல் பிளெயின்ஃபீல்டின் மக்கள்தொகை சுமார் 4,500. 2020இல் கிட்டத்தட்ட 45,000. பத்துக்கு ஒன்பது பேர் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்தவர்கள், அல்லது பிறந்தவர்கள். சோளக்காட்டை மனை போட்டு எழுப்பிய வீடுகளில் என் தங்கை வீடும் ஒன்று. அவர்களுக்கு அந்த ஊளை மாதாந்திர இரைச்சல், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சுருக்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குச் சொன்னேன். வாலிபால் பிள்ளைகள் கதையில் சத்தமே இல்லாமல் கேட்டாள். அந்தப் பள்ளி எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டாள். மற்றபடி ஒன்றும் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்குக் கூப்பிட்டேன். எடுத்ததும் பின்னால் சைரன் ஏறிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன் அவளே சொன்னாள்.

"ஆன்லதாண்ணா இருக்கு. கொலுப் பெட்டியையும் ஓரமா நகர்த்திட்டேன்."